நியூக்ளியோசோமுக்கு ‘இழைக்கண்டு’ என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

செல்லின் உட்கருவில், ஹிஸ்டோன் என்ற புரதங்களின்மேல் டி.என்.ஏ. சுற்றியிருக்கும் சிறு அலகுதான் நியூக்ளியோசோம். அதற்குத் தமிழில் இதுவரை இரண்டு சொற்கள் முன்வந்திருக்கின்றன: ‘கருவுடலம்’, ‘கருமணி’. முதல் சொல்லில் எனக்கு ஒட்டுதல் வரவில்லை. மூலச்சொல்லின் இரண்டு பாதிகளையும் அப்படியே பெயர்த்து ஒட்டியிருக்கிறது. கேட்பவர் தாய் வயிற்றில் வளரும் கருவைத்தான் நினைப்பார்.

‘கருமணி’ அழகான சொல். 1974இல் ஓலின்ஸ் என்ற ஆய்வாளர் இணையர் மின்னணு நுண்ணோக்கியில் கண்டதும் நூலில் மணி கோத்தது போன்ற காட்சிதான். முன்மொழிந்த ஐயா அதை மனத்தில் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். கண்ணின் பாவைக்கும் அதே பெயர் இருப்பது பெரிய தடையில்லை, இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். என் தயக்கம் வேறு. மணி என்றால் நூல் அதன் துளைக்குள் நுழைந்து போகும். இங்கே நூல் வெளிப்புறத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. 1974இல் உயிர்வேதியியலாளர் ரோஜர் கோர்ன்பர்க் எட்டுப் புரதங்கள் கொண்ட மாதிரியை முன்வைத்தார். 1997இல் லூகர், ரிச்மண்ட் குழுவினர் ஊடுகதிர்ப் படிகவியல் மூலம் 2.8 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் அதன் வடிவத்தைக் காட்டினார்கள். எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 என்ற ஹிஸ்டோன்கள் வகைக்கு இரண்டாகச் சேர்ந்து நடுவில் ஒரு தட்டையான உருளை. அதன்மேல் சுமார் 147 கார இணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) நீளமுள்ள டி.என்.ஏ., ஏறத்தாழ 1.65 சுற்று. டி.என்.ஏ. தன்னளவில் வலம்புரி, உருளையைச் சுற்றுவதோ இடம்புரியாக. மொத்தத்தின் விட்டம் 11 நானோமீட்டர்தான். மனித செல் ஒன்றில் இப்படிக் கோடிக்கணக்கில் இருப்பதால்தான் சுமார் 2 மீட்டர் நீள டி.என்.ஏ. உட்கருவுக்குள் அடங்குகிறது.

நூல் உள்ளே போகிறதா வெளியே சுற்றுகிறதா என்பதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், டி.என்.ஏ.வில் நேரும் பழுதைச் செல் நீக்குவது பெரிதும் அதைப் பொறுத்தது. நேற்று ஒரு வெள்ளை நூலில் வரிசையாக மைப்புள்ளிகள் வைத்து, பென்சில் மேல் ஒன்றரைச் சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றிப் பார்த்தேன். சில புள்ளிகள் வெளியே தெரிந்தன. சில மரத்தோடு ஒட்டி மறைந்துவிட்டன. நூலை விரல்நுனியால் லேசாக உருட்டியதும் மறைந்திருந்த புள்ளி ஒன்று மேலே வந்தது. செல்லுக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். டி.என்.ஏ. தன் முறுக்கில் சுமார் பத்துக் கார இணைக்கு ஒருமுறை திரும்புவதால், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பக்கம் ஹிஸ்டோனைப் பார்த்தபடி இருக்கும், மறுபக்கம் வெளியே இருக்கும். வெளியே பார்க்கும் பழுதை நொதி எளிதில் எட்டிவிடும். உள்ளே பார்ப்பது தாமதமாகும். புற ஊதாக் கதிரால் வந்த பழுதைத் தேடும் டிடிபி2 கொண்ட புரதத்தொகுதி, சுற்று சில கார இணை தூரம் நகர்ந்து உள்ளே மறைந்த பழுது வெளியே திரும்பிய நிலையில் அதைப் பிடித்துக்கொள்கிறது என்று 2019இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மணி என்று பெயர் வைத்துவிட்டு இதை மாணவருக்கு எப்படி விளக்குவது?

அதனால் ‘இழைக்கண்டு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். நூற்கண்டு எல்லோருக்கும் தெரியும். அது சுற்றப்படும், அவிழும், மறுபடி சுற்றப்படும். பழுது நீக்கத்தின்போது நியூக்ளியோசோமும் அப்படித்தான். அவிழ்ந்து வழிவிடுகிறது, வேலை முடிந்ததும் காஃப்-1 போன்ற துணைப்புரதங்கள் புது ஹிஸ்டோன்களைக் கொண்டுவந்து கண்டைத் திரும்பக் கட்டுகின்றன. இன்னொன்றும் உண்டு. குரோமோசோமை நிறப்புரி என்கிறோம். அந்தச் சொல்லை ஆக்கியவர் மூலச்சொல்லில் உள்ள ‘உடல்’ என்பதை விட்டுவிட்டு முறுக்கைக் குறிக்கும் ‘புரி’யை எடுத்துக்கொண்டார். இழை, இழைக்கண்டு, நிறப்புரி மூன்றும் ஒரே நெசவுக் குடும்பத்தில் வந்து உட்கார்கின்றன. இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

‘கண்டு’ என்றால் ‘பார்த்து’ என்றும் பொருள் வருமே என்று தோழி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ‘இழை கண்டு மகிழ்ந்தான்’ என்றால் பார்த்துத்தான். ஆனால் நடுவில் ‘க்’ வந்துவிட்டால் அந்தப் பொருள் வராது. இழைக்கண்டில், இழைக்கண்டுகள் என்று உருபும் பன்மையும் ஏறும்போது ஐயமே இல்லை. அந்த ‘க்’கை விடாமல் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு சொல் நிற்குமா என்பதை வாக்கியத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் அறுபடும் ‘ஈரிழை முறிவு’ பற்றி எழுதி முயன்று பார்த்தேன்: “ஈரிழை முறிவு நேர்ந்த சில நிமிடங்களில், அருகிலுள்ள இழைக்கண்டுகளில் இருக்கும் எச்2ஏஎக்ஸ் ஹிஸ்டோனின் வாலில் ஏடிஎம் நொதி ஒரு பாஸ்பேட்டை ஏற்றுகிறது. இந்தக் குறி முறிவின் இருபுறமும் லட்சக்கணக்கான கார இணை தூரம் பரவி, பழுது நீக்கும் புரதங்களை அங்கே வரவழைக்கிறது. 53பிபி1 என்ற புரதம் ஒரே இழைக்கண்டில் எச்4இன் மெத்தில் குறியையும் எச்2ஏயின் யுபிக்விட்டின் குறியையும் சேர்த்துப் படித்த பிறகே அங்கே அமர்கிறது.” எனக்கு இடறவில்லை. கிளைச்சொற்களும் தாமாகவே வருகின்றன: கண்டவிழ்ப்பு, கண்டு நகர்வு, கண்டு கட்டல். இரண்டு கண்டுகளுக்கு இடையிலுள்ள டி.என்.ஏ.வுக்கு இணைப்பிழை. ஹிஸ்டோனை ஹிஸ்டோன் என்றே விட்டுவிடலாம், அதைத் தமிழாக்கி ஒரு பயனும் இல்லை.

மேலே நான் எழுதிய வாக்கியத்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது, கவனித்திருப்பீர்கள். ‘ஈரிழை முறிவு’ என்பதில் இழை என்பது டி.என்.ஏ.வின் இரண்டு பாதிகளில் ஒன்று. ‘இழைக்கண்டு’ என்பதில் இரண்டும் சேர்ந்த முழு டி.என்.ஏ. ஒரே பத்தியில் ஒரு சொல்லுக்கு இரண்டு அளவு. ‘மரபுக்கண்டு’ என்றால் இந்த மோதல் போய்விடும், மரபணுவோடும் உறவு கிடைக்கும். ஆனால் நூல் சுற்றிய காட்சி மங்கிவிடுகிறது. நான் இன்னும் இழைக்கண்டு பக்கமே நிற்கிறேன். பாடம் நடத்துகிறவர்கள் இரண்டையும் வகுப்பில் ஒருமுறை சொல்லிப் பார்த்து, மாணவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று எழுதுங்கள்.