டி மொழி: ஃபோர்ஈச்சுக்கு நோத்ரோ போட்டா கம்பைலர் விடமாட்டேங்குது

தேங்காய்த்திட்டு:
வணக்கம். தேங்காய்த்திட்டு துறைமுகத்துல படகுங்க டீசல் போடுற கணக்குக்கு டி-ல சின்ன புரோகிராம் எழுதுறேன். பதிவேடுன்னு ஒரு ஸ்ட்ரக்ட். அதுமேல ஃபோர்ஈச் லூப் ஓட்ட ஆப்அப்ளை (ஃபோர்ஈச் கூப்பிடுற ஃபங்ஷன்) எழுதியிருக்கேன், நல்லா ஓடுது. மொத்த லிட்டரைக் கூட்டுற ஃபங்ஷனுக்கு நோத்ரோ (எக்ஸப்ஷன், அதாவது ஓடுறப்ப வர்ற பிழை, வீசாதுன்னு சொல்ற குறி) போட்டதும் "ஆப்அப்ளை நோத்ரோ இல்ல"ன்னு எரர். சரின்னு ஆப்அப்ளைக்கும் போட்டேன். இப்ப எரர் அதுக்குள்ள போயிடுச்சு: "டிஜி நோத்ரோ இல்ல". டிஜிங்கறது ஆப்அப்ளை வாங்குற பாராமீட்டர். லூப்புக்குள்ள வெறும் கூட்டல்தான் இருக்கு. அதுல எங்கேர்ந்து எக்ஸப்ஷன் வரும்?

வில்லியனூர்:
ட்ரை, கேட்ச் எக்ஸப்ஷன்னு சுத்தி விட்டுடு ப்ரோ. வேலை முடிஞ்சுது.

தேங்காய்த்திட்டு:
கம்பைல் ஆகுது. ஆனா ஒவ்வொரு லூப்புக்கும் சுத்தணுமா?

கெடிலம்:
வேணாம் தம்பி, ஒண்ணுமே நடக்காத இடத்துல கேட்ச் போட்டா பின்னால படிக்கிறவன்தான் குழம்புவான்.

ஃபோர்ஈச்சோட உடம்பை கம்பைலர் ஒரு டெலிகேட்டா, அதாவது கூப்பிடக்கூடிய ஃபங்ஷனா, மாத்தி உன் ஆப்அப்ளை கிட்ட டிஜியா குடுக்குது. ஆப்அப்ளையை கம்பைல் பண்றப்ப உன் கூட்டல் அதுக்குத் தெரியாது. அது பார்க்கறது டிஜியோட டைப்பை மட்டும்தான். 'இன்ட் டெலிகேட்(ரெஃப் படகு)'னு விட்டா, எக்ஸப்ஷன் வராதுன்னு யாரும் கையெழுத்து போடல. அடைப்புக்குறிக்குப் பின்னாடி நோத்ரோ சேரு, ஆப்அப்ளைக்கும் அது இருக்கட்டும்.

அப்படியே இன்னொண்ணும் பாரு: டிஜி பூஜ்ஜியம் இல்லாததைத் திருப்பினா, அங்கயே நிறுத்தி அதே மதிப்பை ரிட்டர்ன் பண்றியா? இல்லேன்னா பிரேக் சரியா வேலை செய்யாது.

தேங்காய்த்திட்டு:
நன்றிண்ணா, கூட்டல் ஓடிடுச்சு. ரிட்டர்னும் சரியா இருக்கு. ஆனா இப்ப ரைட்எல்என் வச்சு பட்டியல் அச்சடிக்கிற லூப் அடிவாங்குது.

கெடிலம்:
வாங்கத்தான் செய்யும். ரைட்எல்என் எக்ஸப்ஷன் வீசலாம், நீ கேக்கறதோ வீசாத டெலிகேட். ரெண்டுக்கும் ஒரே ஆப்அப்ளை வேணும்னா அதை டெம்ப்ளேட் (டைப்பைப் பின்னால நிரப்பிக்கிற அச்சு) ஆக்கு, டிஜியோட டைப்பையே டெம்ப்ளேட் பாராமீட்டரா வை. டெம்ப்ளேட்டுக்கு நோத்ரோவை கம்பைலரே கணிச்சுக்கும், நீ கையால எழுதாத. ஒரே தொல்லை, ஃபோர்ஈச்சுல 'ரெஃப் படகு ப'ன்னு டைப்பைச் சொல்லியாகணும்.

உள்ள இருக்கறது வெறும் அர்ரேதானே? அப்ப என்னைக் கேட்டா ஆப்அப்ளையே தேவையில்ல. எம்ப்டி (முடிஞ்சுதா), ஃப்ரண்ட் (இப்ப இருக்கற உறுப்பு), பாப்ஃப்ரண்ட் (அடுத்ததுக்கு நகரு) மூணையும் எழுதி, ஃபோர்ஈச் நேரா சுத்தக்கூடிய ரேஞ்ச் ஆக்கிடு. லூப் உடம்பு இருந்த இடத்துலயே இருக்கும், டெலிகேட்டே கிடையாது. மரம் மாதிரி ரிகர்ஷன்ல சுத்துற அமைப்புக்குத்தான் ஆப்அப்ளை லாயக்கு.

வில்லியனூர்:
நோத்ரோ போட்டா புரோகிராம் சாகவே சாகாதுன்னு நினைச்சுடாதீங்க. அர்ரே எல்லையைத் தாண்டினா வர்ற ரேஞ்ச்எரர், எரர் வகை, எக்ஸப்ஷன் இல்ல. நோத்ரோ எக்ஸப்ஷனை மட்டும்தான் தடுக்கும்.

தேங்காய்த்திட்டு:
ரேஞ்ச் ஆக்கிட்டேன், ரெண்டு லூப்பும் ஓடுது. மூணுக்கும் நோத்ரோ போட்டிருக்கேன். நோஜிசிக்கும் (குப்பை சேகரிப்பான் வழியா மெமரி ஒதுக்கக்கூடாதுங்கற குறி) இதே கதைதானா?

கெடிலம்:
அதே கதைதான். சேஃப் (மெமரி பாதுகாப்பு), ப்யூர் (வெளியில மாறக்கூடிய குளோபல் எதையும் தொடாதது)னு இந்த மாதிரி குறி எல்லாத்துக்கும்.