குட்டி லாரிக்கு ஸ்பேர்: நம்பர் பார்த்தா, சாம்பிள் காட்டியா?

மண்சாலை:
ஜப்பானிலிருந்து இறக்கின பழைய சுசுகி கேரி ஒண்ணு கைக்கு வந்து நாலு மாசமாச்சு. நாலு சக்கரமும் இழுக்கிற டிடி51டி. பேப்பர்ல 1993னு இருக்கு. பின் சக்கரம் ஒண்ணுல பிரேக் ஆயில் கசியுது. டைமிங் பெல்ட் கடைசியா எப்போ மாத்தினாங்கன்னு யாருக்கும் தெரியாது. ஆன்லைன்ல பார்ட்ஸ் தேடினா 17 இலக்க சேசிஸ் நம்பர் கேட்குது. என் வண்டியில இருக்கிறது டிடி51டி, ஒரு கோடு, பிறகு ஆறு இலக்கம். மெக்கானிக், "கழட்டி எடுத்துட்டு வா, ஒத்து வர்றதைப் பார்த்து வாங்கிக்கலாம்"ங்கிறார். மச்சான், மேனுவல் கையில இல்லாம ஸ்பேனரையே தொடாதேங்கிறான். டேஷ்போர்டு பெட்டியில இருந்த புத்தகமோ முழுக்க ஜப்பானிய எழுத்து. யார் பேச்சைக் கேட்கிறது?

ஸ்பேனர்14:
மெக்கானிக் பேச்சைக் கேளு தம்பி. இந்த மாதிரி குட்டி லாரி எத்தனையோ பிரிச்சு மாட்டியிருக்கேன், ஒரு மேனுவலும் புரட்டினதில்ல. பேரிங் வளையத்துலயே நம்பர் இருக்கும். ஆயில் சீல்ல உள்விட்டம், வெளிவிட்டம், கனம் மூணும் அச்சாகியிருக்கும். பிளக்ல நம்பர், பேட்டரியில நம்பர். டயர் 145ஆர்12. இதுக்கெல்லாம் ஜப்பான்காரனைக் கேட்டுக்கிட்டு இருக்கணுமா? உன் பிரேக் ஆயில் கசியிற வீல் சிலிண்டர் உடம்புலயும் சைஸ் வார்த்திருப்பாங்க, துருவைச் சுரண்டிப் பாரு.

ஏழாம்ரேக்:
ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ரேக்குகளுக்கு நடுவே பல வருஷம் நின்றவன் நான். முதலில் அந்த 17 இலக்கக் குழப்பம். ஜப்பான் தன் உள்நாட்டுக்கென்று செய்த வண்டிகளில் அந்த நம்பரே கிடையாது. மாடல் குறியீடு, கோடு, வரிசை எண், அவ்வளவே. ஜப்பான் உள்நாட்டுப் பட்டியலை வைத்திருக்கும் அமயாமா போன்ற தளங்களில் தேடுங்கள், படத்தோடு பார்ட் நம்பர் கிடைக்கும்.

அடுத்தது, அந்த 1993. ஜப்பானியப் பேப்பரில் அது ஹெய்செய் 5 என்று இருந்திருக்கும் (அது அவர்கள் பேரரசர் ஆட்சிக்கால ஆண்டுக் கணக்கு, 1988ஐக் கூட்டினால் நம் கணக்கு வரும்). ஆனால் அது வண்டி முதன்முதலில் பதிவான வருஷம், தொழிற்சாலையை விட்டு வந்த மாதம் இல்லை. பார்ட்ஸ் பட்டியல் பிரிவது செய்த மாதத்தையும் சேசிஸ் வரிசை எண்ணையும் வைத்துத்தான். இறக்குமதி செய்தவரிடம் ஏற்றுமதிச் சான்றின் நகல் கேட்டு வாங்குங்கள். மாடல் வகை எண்ணும் உட்பிரிவு எண்ணும் அதில் இருக்க வேண்டும். ஒரே டிடி51டியில் எந்த ரகம் உங்களுடையது என்பதை அந்த இரண்டும் சேர்ந்து சொல்லும்.

வீல் சிலிண்டர் விஷயத்தில் ஸ்பேனர் அண்ணனோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. உள்விட்டம் 11/16 அங்குலம் இருக்கிற இடத்தில் முக்கால் அங்குலம் போட்டால் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. பரப்பைக் கணக்குப் போடுங்கள்: அந்தச் சக்கரத்துக்குப் போகும் விசை 19 சதவீதம் கூடும். ஒரு பக்கம் மட்டும் அப்படி மாட்டிவிட்டு ஈரச்சாலையில் மிதித்துப் பாருங்கள்.

ஸ்பேனர்14:
அளக்கத் தெரியாதவன் செய்யிற தப்பை என் தலையில கட்டாதீங்க. வெர்னியர் அளவுகோல் எதுக்கு இருக்கு? நம்பர் நம்பர்னு சொல்றீங்களே, முப்பது வருஷ வண்டிக்கு நம்பர் போட்டு ஆர்டர் பண்ணினா பாதிக்கு "உற்பத்தி நிறுத்தம்"னு பதில் வரும். அப்போ என்ன பண்ணுவீங்க, பட்டியலைப் பிரேம் போட்டு மாட்டுவீங்களா?

ஏழாம்ரேக்:
நியாயமான கேள்வி. நிறுத்தம் என்று வந்த நம்பருக்குப் பல நேரம் மாற்று நம்பர் இருக்கும், பழைய நம்பர் கையில் இருந்தால்தான் புதியது தெரியும். இன்னொரு வழி, கூடப்பிறந்த வண்டிகள். மஸ்தாவின் ஸ்க்ரம் 1989 முதல் பெயர் மாற்றிய கேரிதான், அந்தப் பெயரிலும் தேடுங்கள். இதே காரணத்தால் ஏமாறவும் வாய்ப்பு உண்டு. சுபாரு தன் சாம்பார் என்ற குட்டி லாரியைத் தானே செய்வதை 2012இல் நிறுத்திவிட்டது. அதற்குப் பின் சாம்பார் என்று வருவது டைஹட்சு ஹைஜெட். முந்தையதில் இன்ஜின் பின்னால், நாலு சிலிண்டர். பிந்தையதில் மூன்று சிலிண்டர், இருப்பது சீட்டுக்கு அடியில். "சாம்பார் பார்ட்ஸ்" என்று பெயரை மட்டும் நம்பி வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

மூன்றுசிலிண்டர்:
பெயரை நம்பிக் கெட்டவன் நானும்தான். என் கேரியில எஃப்6ஏ இன்ஜின். "எஃப்8பியும் அதே குடும்பம், பிஸ்டன் ரிங் செட் தாராளமா சேரும்"னு ஒரு கடைக்காரர் சத்தியம் பண்ணித் தந்தார். குடும்பம் ஒண்ணுதான், இல்லைங்கலை. ஆனா எஃப்6ஏ போர் (சிலிண்டர் உள்விட்டம்) 65 மில்லி, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடுற தூரம்) 66. எஃப்8பி 68.5, 72. ஒண்ணு 657 சிசி, இன்னொண்ணு 796. மூணரை மில்லி பெரிய ரிங்கை எந்த சாமியாலும் உள்ள இறக்க முடியாது. திருப்பிக் கொடுக்கப் போனா, பெட்டியைப் பிரிச்சுட்டீங்களேன்னார்.

ஸ்பேனர்14:
பழைய ரிங்கை எடுத்துட்டுப் போய்ப் பக்கத்துல வெச்சுப் பார்த்திருந்தா அங்கேயே தெரிஞ்சிருக்கும். நான் சொல்ற சாம்பிள் முறை அதுதான். 😀

உடைசல்பிரியன்:
ரெண்டு பேரும் ஏன் மல்லுக்கட்டுறீங்க? ஓடாத இன்னொரு கேரியை மலிவா வாங்கி ஓரமா நிறுத்துங்க. கதவுக் கைப்பிடி, லைட் கண்ணாடி, ஹீட்டர் கேபிள், வயரிங்: இதெல்லாம் எந்த நம்பருக்கும் புதுசா வராது, எந்த சாம்பிளுக்கும் கடையில மாட்டாது. இதுவரை என் வண்டியை ஓட்டுறது அந்தப் பிணம்தான்.

ஏழாம்ரேக்:
தகரத்துக்கும் கண்ணாடிக்கும் சரி. ரப்பரை மட்டும் அதிலிருந்து எடுக்காதீர்கள். பெல்ட்டுக்கும் பிரேக் கப்புக்கும் அங்கேயும் அதே வயசு.

மண்சாலை:
மேனுவல் பத்தி யாரும் வாயே திறக்கலையே. ஏற்றுமதி மாடலுக்கு ஆங்கில மேனுவல் கிடைக்குது. அது போதுமா சார்?

ஏழாம்ரேக்:
பிரேக் எப்படிப் பிரிப்பது, கேபிள் எப்படிப் போகிறது என்ற அளவுக்கு உதவும். ஆனால் வெளிநாட்டுக்குப் போன கேரிகளில் பெரும்பாலும் பெரிய இன்ஜின், உங்களுடையது 660 சிசி. எனவே அதிலிருக்கும் போல்ட் இறுக்க அளவையும் கிளியரன்ஸையும் (இடைவெளி அளவு) எடுக்காதீர்கள். டிடி51டிக்கு உரிய ஜப்பானிய சர்வீஸ் மேனுவலைத் தேடுங்கள், போன் கேமரா மொழிபெயர்த்துக் கொடுக்கும். வாங்கும்போது முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஜப்பானில் மாடல் கொஞ்சம் மாறும்போது இணைப்புப் புத்தகம் என்று தனியாக ஒன்று போடுவார்கள். அதில் மாறிய சங்கதி மட்டுமே இருக்கும். மெலிதாக, விலை குறைவாகக் கிடைப்பது அதுதான். மூலப் புத்தகம் இல்லாமல் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது.

மூன்றுசிலிண்டர்:
இறுக்க அளவைப் படிக்கிறப்போ கவனம். பழைய புத்தகத்துல அது கிலோகிராம்-மீட்டர் கணக்கு. ஒண்ணுக்கு 9.8 நியூட்டன்-மீட்டர். 2.3னு போட்டிருந்ததை நான் நியூட்டன்னு நினைச்சு டார்க் ரெஞ்சைத் திருப்பி, ரெஞ்சு கெட்டுப்போச்சுன்னு அரை நாள் அதைத் திட்டிக்கிட்டிருந்தேன்.

ஸ்பேனர்14:
புத்தகத்துல இல்லாத ஒண்ணு சொல்றேன். கார்புரேட்டர் ஸ்க்ரூவெல்லாம் ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) தலை. சாதாரண நட்சத்திர ஸ்க்ரூடிரைவர் போட்டா வழுக்கித் தலையைத் தின்னுடும். ஜேஐஎஸ் முனை தனியா வாங்கு. போல்ட்டும் அப்படித்தான், 8 மில்லி போல்ட்டுக்கு 12 ஸ்பேனர், 10க்கு 14. பதிமூணை எடுத்துட்டு வந்தா ஒண்ணுக்கும் பொருந்தாது. என் பேர் எங்கேருந்து வந்துச்சுன்னு இப்போ புரியுதா? ஆயில் பிரஷர் ஸ்விட்ச்ல இருக்கிறது பிரிட்டிஷ் குழாய் மரை, அமெரிக்க மரையில பிரஷர் கேஜ் வாங்கி முறுக்கி பிளாக்கைப் பிளந்துடாதே.

மண்சாலை:
ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன். ஏற்றுமதிச் சான்று நகல் கிடைச்சுது. தளத்துல சேசிஸ் நம்பரைப் போட்டா வண்டி செஞ்சது 1992 கடைசின்னு காட்டுது. 1993னு போட்டிருந்தா வேற பக்கம் திறந்திருக்கும். டைமிங் பெல்ட், டென்ஷனர் ரெண்டும் நம்பர் போட்டு ஆர்டர் பண்ணியாச்சு. வீல் சிலிண்டரைச் சுரண்டினேன் அண்ணே, வார்த்த எழுத்து துருவோட போயிருச்சு. பட்டியல் நம்பர்தான் கைகொடுத்தது. ஆனா முன் வீல் பேரிங், சீல் ரெண்டும் நீங்க சொன்ன மாதிரி மேலே இருந்த எண்ணைக் காட்டிக் கடையிலேயே வாங்கிட்டேன், பத்து நிமிஷ வேலை. மேனுவல் இன்னும் சிக்கலை. வந்தது இணைப்புப் புத்தகம். முதல் பக்கத்தைக் கேட்க மறந்துட்டேன்.

ஏழாம்ரேக்:
😑

ஸ்பேனர்14:
எழுத்து போச்சுன்னா போரை அளக்க வேண்டியதுதானே தம்பி. வெர்னியர் வெச்சிருக்கியா இல்லையா?

மண்சாலை:
இல்லை அண்ணே.