பழைய லேப்டாப்புக்கு லினக்ஸ் மின்ட் சரிப்படுமா?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். அப்பாவின் லேப்டாப் ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி மாற்றியபிறகு நன்றாகவே ஓடுகிறது. ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்கிறார்கள். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திருத்தி விண்டோஸ் 11-ஐ ஏற்றலாம்தான், ஆனால் அதை அப்பா கையில் கொடுக்க மனம் வரவில்லை.

அதனால் விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போடலாமா என்று யோசிக்கிறேன். அதன் சின்னமன் பதிப்பை நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். கீழே டாஸ்க்பார், இடது ஓரத்தில் மெனு, அவருக்குப் பழகிய மாதிரியேதான். வைஃபை, சவுண்ட், வெப்கேம் எல்லாம் தானாகவே வேலை செய்தன. மூடியை மூடித் திறந்தால் மட்டும் ஸ்க்ரீன் கறுப்பாகவே நிற்கிறது, பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் அணைக்க வேண்டியிருக்கிறது. கிராபிக்ஸ் இன்டெல்தான், என்விடியா இல்லை. இது நிறுவியபிறகு சரியாகுமா, இல்லை புதிய கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) போட வேண்டுமா?

அப்புறம் பிரிண்டர். பழைய லேசர் பிரிண்டர், தயாரித்தவர்கள் விண்டோஸ் டிரைவர் மட்டுமே தருகிறார்கள், லினக்ஸில் அச்சிடும் வேலையைக் கவனிக்கும் கப்ஸ் மென்பொருளின் பட்டியலிலும் இல்லை. அப்பாவுக்குத் தினமும் பிரிண்ட் எடுத்தாக வேண்டும். பிரிண்டருக்காக மட்டும் விண்டோஸை இன்னொரு பார்ட்டிஷனில் வைத்துக்கொள்வது நல்லதா? தமிழ்99 விசைப்பலகையை ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளில் சேர்த்துவிட்டேன், அதில் சிக்கல் இல்லை. வீட்டுப் பெரியவர்களுக்கு மின்ட் போட்டுக் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.