பேஸ்ஃப்ளோ: 'அடியோட்டம்' வேண்டாம், 'ஊற்றோட்டம்' என்போம்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

பேஸ்ஃப்ளோவுக்கு (baseflow, மழை நின்ற பிறகும் நிலத்தடியிலிருந்து ஆற்றுக்கு வந்துகொண்டிருக்கும் நீர்) தமிழில் 'அடியோட்டம்' என்று நம் குழுவில் ஐயா ஒருவர் பரிந்துரைத்ததைப் படித்தேன். சின்னச் சொல், வாயில் நன்றாகவே வருகிறது. ஆனால் தமிழ்வழி சிவில் மாணவர்களுக்கு அதை வைத்து நீரியல் பாடம் எடுத்துப் பார்த்தேன். தேர்வில் ஒரு மாணவர் "ஆற்றின் அடியில் ஓடும் நீர்" என்று எழுதியிருந்தார். அவர் மேல் தப்பில்லை, சொல்லே அப்படித்தான் பொருள் தருகிறது. 'அடிப்படை ஓட்டம்' என்றாலும் சரிவரவில்லை. எதற்கு அடிப்படை என்று கேட்கிறார்கள்.

பொருளிலிருந்து தொடங்குவோம். மழை பெய்ததும் நிலத்தின் மேல் வழிந்து ஆற்றுக்கு வரும் நீர் சில மணி நேரத்திலோ சில நாளிலோ வடிந்துவிடும். ஆற்றில் போகும் நீரளவை நேரத்தோடு சேர்த்து வரைந்தால் அது ஒரு மேடாகத் தெரியும். மேடு இறங்கிய பிறகும் கோடு உடனே பூச்சியத்துக்கு வந்துவிடாது, மெல்லச் சாய்ந்துகொண்டே போகும். மண்ணுக்குள் இறங்கிய மழை நிலத்தடி நீராகத் தங்கி, கரையிலும் படுகையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊறி ஆற்றில் சேர்வதுதான் காரணம். நீலகிரியில் சோலையும் புல்வெளியுமாக இருக்கும் மலைகளில், மழை நின்று பல வாரமான பிறகும் ஓடைகள் ஓடுவது இந்த நீரால்தான்.

இங்கே நடக்கும் வினை ஊறுதல். அதனால் 'ஊற்றோட்டம்' என்கிறேன்.

நல்வழியில் ஔவையார், "ஆற்றுப் பெருக்கற்று அடிசுடும் அந்நாளும் அவ்வாறு ஊற்றுப் பெருக்கால் உலகூட்டும்" என்று பாடியிருக்கிறார். ஆற்றுப் பெருக்கு ஒன்று, ஊற்றுப் பெருக்கு இன்னொன்று. மேலே சொன்ன வரைபடத்தில் மேல் வழிந்து வந்த நீரையும் ஊறி வந்த நீரையும் நாம் கோடு போட்டுப் பிரிப்பதும் கிட்டத்தட்ட இதையேதான். பாட்டில் வரும் ஆறு ஓடவில்லை, மணலைத் தோண்டினால்தான் ஊறுகிறது. அந்த வேறுபாட்டை நான் மறைக்கவில்லை. ஆனாலும் இரண்டுக்கும் நீர் வருவது நிலத்தடியிலிருந்து. பாலாற்றுப் படுகையில் மணலை வெட்டி, ஊறும் நீரை வயலுக்குக் கொண்டுபோன வாய்க்காலுக்கு ஊற்றுக்கால் என்றே பெயர். உழவர் வாயில் இருந்த சொல்லின் குடும்பத்திலிருந்தே கலைச்சொல் கிடைக்கும்போது வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

ஊற்று என்றால் மலை ஊற்றோடு குழம்பாதா என்று குழுவில் அம்மா ஒருவர் கேட்டிருந்தார்கள். நல்ல கேள்வி, நானும் அதில் இரண்டு நாள் தடுமாறினேன். மலைப்பாறையில் சுரப்பதற்குச் 'சுனை' இருக்கிறது. அதை அதற்கே வைத்துக்கொண்டால் குழப்பம் பெரும்பாலும் தீரும். பனி உருகி வரும் நீரையும் சிலர் பேஸ்ஃப்ளோவில் சேர்ப்பதுண்டு. அதற்குப் 'பனியுருகு நீர்' என்று தனிப்பெயர் இருக்கட்டும்.

கூட்டுச்சொற்களும் எளிதாக அமைகின்றன: ஊற்றோட்டப் பிரிப்பு, ஊற்றோட்ட விகிதம் (ஆற்றின் மொத்த நீரில் ஊறி வந்ததன் பங்கு), கோடை ஊற்றோட்டம். 'அடியோட்ட விகிதம்' என்றால் எதன் விகிதம் என்று மறுபடி விளக்க வேண்டியிருக்கும்.

அப்புறம், இதன் மறுபக்கத்துக்கும் ஒரு சொல் வேண்டும். நிலத்தடி நீர்மட்டம் படுகைக்குக் கீழே போய்விட்டால், ஆறு தன் நீரை நிலத்துக்குக் கொடுக்கத் தொடங்கிவிடும். நீர் பெறும் ஆற்றை 'ஊறும் ஆறு' எனலாம். இழக்கும் ஆற்றுக்கு 'கசியும் ஆறு' என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் கசிவு உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் பொருந்துகிறதே! 'வற்றும் ஆறு' என்றால் வெயிலில் வற்றுவதாக ஆகிவிடும். உங்கள் ஊர்ப் பக்கம் இதற்கு என்ன சொல்வார்கள்?