விர்ச்சுவல்பாக்ஸ் வட்டுக்கோப்பு சுருங்க மறுக்கிறது. மடிக்கணினியில் 14 ஜிபி மட்டுமே மீதம்

ஈசூன்வாசி:
அனைவருக்கும் வணக்கம். விண்டோஸ் 11 மடிக்கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள் வழியாக இரண்டு மெய்நிகர் கணினிகளை (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகள்) வைத்திருக்கிறேன். ஒன்று, பலதுறைத் தொழிற்கல்லூரியில் பகுதிநேரமாகப் படிக்கும் பட்டயப் படிப்புக்கான உபுண்டு லினக்ஸ். மற்றொன்று விண்டோஸ் எக்ஸ்பி. எங்கள் வட்டார வாசகர் குழுவின் பழைய மலர்கள் பேஜ்மேக்கர் எனும் பக்க வடிவமைப்பு மென்பொருளில், டேப் என்ற பழைய தமிழ்க் குறியாக்க எழுத்துருக்களில் அமைக்கப்பட்டவை என்பதால் அவற்றைத் திறப்பதற்காகவே அதை விட்டுவைத்திருக்கிறேன்.

மடிக்கணினியின் 512 ஜிபி வட்டில் இப்போது 14 ஜிபிதான் காலியாக உள்ளது. உபுண்டுவுக்கு 120 ஜிபி வரை வளரும் வட்டு கொடுத்திருக்கிறேன். உள்ளே நுழைந்து பார்த்தால் 31 ஜிபி மட்டுமே பயன்பாட்டில் இருப்பதாகக் காட்டுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் அதன் கோப்புறை 104 ஜிபியைப் பிடித்திருக்கிறது. எக்ஸ்பியின் வட்டு 40 ஜிபி வரை வளரக்கூடியது, உள்ளே 6 ஜிபி, கோப்போ 27 ஜிபி. விர்ச்சுவல்பாக்ஸின் கட்டளைவரிக் கருவியான விபாக்ஸ்மேனேஜில், வட்டுக்கோப்பைச் சுருக்கும் 'காம்பாக்ட்' கட்டளையை இரண்டுக்கும் கொடுத்தேன். பிழைச்செய்தி ஏதுமின்றி நூறு விழுக்காடு வரை ஓடி முடிந்தது, ஆனால் கோப்புகளின் அளவு அப்படியே இருக்கிறது. காரணம் என்னவாக இருக்கும்?

கருவிப்பெட்டி:
கட்டளையில் பிழையில்லை, அதற்குச் சுருக்குவதற்கு எதுவும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். விர்ச்சுவல்பாக்ஸின் வழக்கமான வட்டுக்கோப்பு வகையான விடிஐ, வட்டை ஒரு எம்பி அளவுள்ள கட்டங்களாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. ஒரு கட்டத்தில் முதன்முறை எதையாவது எழுதும்போது கோப்பு வளர்கிறது. பிறகு உபுண்டுவுக்குள் அந்தக் கோப்பை நீங்கள் அழித்தாலும், அழிப்பது என்பது கோப்பு முறைமையின் குறிப்பேட்டில் 'இந்த இடம் காலி' என்று எழுதிக்கொள்வது மட்டுமே என்பதால், பழைய தரவு கட்டத்துக்குள் கிடந்தபடியே இருக்கும். வெளியே நிற்கும் விர்ச்சுவல்பாக்ஸுக்கு அந்தக் குறிப்பேட்டைப் படிக்கத் தெரியாது. முழுவதும் பூஜ்யமாக உள்ள கட்டங்களை மட்டுமே 'காம்பாக்ட்' கழித்துவிடும்.

ஆகவே பொதுவாகச் சொல்லப்படும் வழி, உள்ளேயிருக்கும் காலியிடத்தைப் பூஜ்யங்களால் நிரப்பிவிட்டுப் பிறகு சுருக்குவது. ஆனால் உங்கள் நிலையில் அதை இப்போதே செய்துவிடாதீர்கள். பூஜ்யங்களை எழுதும்போது வட்டுக்கோப்பு அதன் முழு அளவான 120 ஜிபியை நோக்கி வளரக்கூடும். உங்களிடம் இருப்பதோ 14 ஜிபி. பாதியில் இடம் தீர்ந்தால் மெய்நிகர் கணினி நின்றுவிடும்.

மூன்று விவரங்கள் தேவை: ஸ்னாப்ஷாட் (பின்னர் திரும்பிச் செல்வதற்காகச் சேமித்த நிலை) ஏதேனும் எடுத்து வைத்திருக்கிறீர்களா? வட்டுக்கோப்பு விடிஐ வகைதானா, இல்லை விஎம்டிகே வகையா? உபுண்டுவை நிறுவும்போது வட்டை மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யும் தெரிவைக் குறித்தீர்களா?

தேக்கா_பயணி:
நேரடியாகச் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். வார இறுதியில் சிம் லிம் சதுக்கத்துக்குப் போய் ஒரு வெளிப்புற எஸ்எஸ்டி வாங்கிவிட்டால் இந்தத் தலைவலி இருக்காது அல்லவா?

ஈசூன்வாசி:
கோபமெல்லாம் இல்லை ஐயா. ஒரு டெராபைட் வெளிப்புற எஸ்எஸ்டி ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் 31 ஜிபி பொருளுக்கு 104 ஜிபி இடம் ஏன் தேவைப்படுகிறது என்பதுதான் எனக்குப் புரிய வேண்டியிருந்தது.

கருவிப்பெட்டி அவர்களுக்கு: இரண்டும் விடிஐ வகை. உபுண்டுவில் இரண்டு ஸ்னாப்ஷாட்டுகள் உள்ளன. எக்ஸ்பியில் ஒன்றும் இல்லை. மறையாக்கத் தெரிவைக் குறித்துத்தான் உபுண்டுவை நிறுவினேன், ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் கடவுச்சொல் கேட்கிறது.

மல்லிகை_ஜூரோங்:
மறையாக்கம் இருக்கிறது என்றால் உபுண்டுவைப் பொறுத்தவரை பூஜ்யம் நிரப்பும் வழியை முற்றிலும் மறந்துவிடுங்கள். உபுண்டுவுக்குள் நீங்கள் எழுதும் பூஜ்யம் லக்ஸ் எனும் மறையாக்க அடுக்கைக் கடந்துதான் வட்டுக்குப் போகிறது. கடக்கும்போதே அது மறையாக்கப்பட்டு, எந்த ஒழுங்கும் தெரியாத பைட்டுகளாக மாறிவிடுகிறது. விர்ச்சுவல்பாக்ஸின் கண்ணுக்கு அது உண்மையான தரவு. எனவே கோப்பு சுருங்காதது மட்டுமன்று, காலியாக இருந்த கட்டங்களும் நிரம்பி 120 ஜிபியைத் தொட்டுவிடும். இந்த ஒன்றைச் சொல்லாமலேயே காலியிடத்தைப் பூஜ்யமாக்கும் 'ஜீரோஃப்ரீ' கருவியைப் பரிந்துரைக்கும் குறிப்புகள் ஏராளம்.

உங்களுக்கு ஏற்றது டிரிம். எந்த இடம் காலி என்பதை உபுண்டுவே அடுக்கடுக்காகக் கீழே சொல்லியனுப்பும் முறை இது. எதையும் எழுதுவதில்லை என்பதால் கோப்பு வளரும் அபாயமும் இல்லை. வழியிலுள்ள ஒவ்வோர் அடுக்கும் அந்தச் செய்தியைக் கடத்திவிட வேண்டும் என்பதே நிபந்தனை. முதலில், மெய்நிகர் கணினியை நிறுத்திவிட்டு, விபாக்ஸ்மேனேஜின் 'ஸ்டோரேஜ்அட்டாச்' கட்டளையில் அந்த வட்டுக்கு 'டிஸ்கார்டு ஆன்', 'நான்ரொட்டேஷனல் ஆன்' என்ற இரண்டையும் கொடுங்கள். இந்த வசதி விடிஐ வகைக்கு மட்டுமே உண்டு. அடுத்து, உபுண்டுவில் ஈடிசி கோப்புறையிலுள்ள 'கிரிப்ட்டேப்' கோப்பைத் திறந்து, உங்கள் வட்டுக்கான வரியின் கடைசியில் 'டிஸ்கார்டு' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அண்மைய பதிப்புகளில் நிறுவியே அதை எழுதிவிடுவது வழக்கம். இல்லையென்றால் காற்புள்ளியிட்டுச் சேர்த்து, 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்' கட்டளையை ஓட்டி, மறுபடி தொடங்குங்கள். இடையில் வட்டுப்பகுதிகளை நிர்வகிக்கும் எல்விஎம் அடுக்கு இருக்கும்; அதற்கென எதையும் மாற்ற வேண்டியதில்லை, எல்விஎம் அமைப்புக்கோப்பிலுள்ள டிஸ்கார்டு தெரிவு வட்டுப்பகுதிகளை நீக்கும்போது மட்டுமே பயன்படுவது.

பிறகு 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையைப் பெரிய டி எழுத்துத் தெரிவுடன் ஓட்டினால், ஒவ்வோர் அடுக்குக்கும் நேரே டிரிம் அளவுகள் வரிசையாகத் தெரியும். எந்த அடுக்கில் பூஜ்யம் காட்டுகிறதோ அங்கேதான் செய்தி நிற்கிறது என்று பொருள். எல்லா அடுக்கிலும் எண் வந்துவிட்டால் டிரிம் செய்யும் 'எஃப்எஸ்டிரிம்' கட்டளை போதும்.

ஒரு விலை உண்டு: வட்டின் எந்தப் பகுதி காலி என்பது, கடவுச்சொல் தெரியாமல் வட்டுக்கோப்பைக் கைப்பற்றியவருக்கும் தெரிந்துவிடும். பாடப் பயிற்சிகளுக்கு இதைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

கருவிப்பெட்டி:
மல்லிகை அவர்கள் சொன்னது சரி. ஆனால் அதற்கு முன் ஸ்னாப்ஷாட்டுகளைக் கவனிக்க வேண்டும். ஸ்னாப்ஷாட் எடுத்த நொடியிலிருந்து பழைய வட்டுக்கோப்பு உறைந்துவிடுகிறது. அதன்பின் எழுதுவதெல்லாம் தனி வேறுபாட்டுக் கோப்பில் சேர்கிறது. நீங்கள் டிரிம் செய்தாலும் உறைந்துபோன கோப்பிலிருந்து ஒரு பைட்டும் குறையாது. 104 ஜிபியின் பெரும்பங்கு இப்படித்தான் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஸ்னாப்ஷாட்டுகளை அழித்தால் கோப்புகள் ஒன்றோடொன்று இணைக்கப்படும். இணைப்பு நடந்துகொண்டிருக்கும்போது கணிசமான கூடுதல் இடம் தேவைப்படலாம் என்று விர்ச்சுவல்பாக்ஸ் கையேடே எச்சரிக்கிறது. ஆகவே 14 ஜிபியை வைத்துக்கொண்டு அந்தச் சூதாட்டம் வேண்டாம். உங்கள் வெளிப்புற எஸ்எஸ்டி இங்கேதான் உதவும், தேக்கா அன்பர் சொன்ன காரணத்துக்காக இல்லாவிட்டாலும். உபுண்டுவின் மேல் வலது சொடுக்குச் செய்து 'குளோன்' என்பதைத் தேர்ந்து, இடமாக வெளிப்புற வட்டைக் கொடுத்து, முழு நகல், நடப்பு நிலை மட்டும் என்று குறியுங்கள். ஸ்னாப்ஷாட் இல்லாத ஒரே வட்டுக்கோப்பு அங்கே உருவாகும். கோப்பை நேரடியாக நகலெடுத்து ஒட்ட வேண்டாம். இரண்டு கோப்புக்கும் ஒரே அடையாள எண் இருக்கும் என்பதால் விர்ச்சுவல்பாக்ஸ் இரண்டாவதை ஏற்க மறுக்கும். வெளிப்புற வட்டு ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை அது ஏற்காது, எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக இருக்கட்டும்.

நகலை இயக்கி, டிரிம் செய்து, உங்கள் பாடக் கோப்புகள் எல்லாம் திறக்கின்றன என்று உறுதிசெய்த பிறகே மூலத்தைத் தொடுங்கள்.

எக்ஸ்பியைக் கடைசிக்கு வையுங்கள். டிரிம் விண்டோஸ் 7 முதல்தான் வந்தது என்பதால் எக்ஸ்பிக்குப் பூஜ்யம் நிரப்புவதே வழி. 40 ஜிபியில் 27 போக இன்னும் 13 ஜிபி வரை அந்தக் கோப்பு வளரக்கூடும். இன்றைக்கு அது மிக நெருக்கடி, உபுண்டு இடம்விட்ட பிறகு நெருக்கடி இல்லை. எக்ஸ்பியை முறையாக நிறுத்திவிட்டு, அதாவது ஹைபர்னேட் செய்யாமல் முழுவதும் அணைத்துவிட்டு, அதன் வட்டை உபுண்டுவில் இரண்டாவது வட்டாக இணையுங்கள். உபுண்டுவிலிருந்து 'டிடி' கட்டளையால் அந்த வட்டில் ஒரு பெரிய பூஜ்யக் கோப்பை எழுதுங்கள். இடமில்லை என்று அது நின்றதும் அந்தக் கோப்பை அழித்து, வட்டை விடுவித்து, 'காம்பாக்ட்' கொடுங்கள்.

செங்காங்_இரவுப்பணி:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். விர்ச்சுவல்பாக்ஸ் இல்லாமல் விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2 மட்டும் வைத்திருக்கிறேன். அதன் விஎச்டிஎக்ஸ் வட்டுக்கோப்பும் இப்படித்தான் வளர்ந்து நிற்கிறது. விண்டோஸ் ஹோம் பதிப்பில் அதைச் சுருக்கும் 'ஆப்டிமைஸ்-விஎச்டி' கட்டளையே இல்லை என்கிறது.

மல்லிகை_ஜூரோங்:
அந்தக் கட்டளை ஹைப்பர்-வி எனும் விண்டோஸின் மெய்நிகராக்கத் தொகுதியோடு வருவது, ஹோம் பதிப்பில் கிடைக்காது. டபிள்யூஎஸ்எல்லை 'ஷட்டவுன்' தெரிவால் முழுவதும் நிறுத்திவிட்டு, 'டிஸ்க்பார்ட்' கருவியைத் திறந்து, அந்தக் கோப்பைத் தேர்ந்து, படிக்க மட்டும் என்ற நிலையில் இணைத்து, 'காம்பாக்ட் விடிஸ்க்' கொடுத்து, பிறகு இணைப்பை நீக்குங்கள். முக்கியமானவற்றுக்கு முன்னதாகவே ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.

ஈசூன்வாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. உபுண்டு நகலில் அடுக்குகளைப் பார்த்தபோது லக்ஸ் அடுக்கில்தான் பூஜ்யம் காட்டியது. என்னுடையது பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்தி வந்தது, 'கிரிப்ட்டேப்' கோப்பில் அந்தச் சொல் இல்லை. சேர்த்து, மறுபடி தொடங்கி, எஃப்எஸ்டிரிம் ஓட்டியதும், கண்ணெதிரே கோப்பின் அளவு இறங்கியது. 'காம்பாக்ட்' கொடுக்கவே தேவைப்படவில்லை. இப்போது 37 ஜிபியில் நிற்கிறது.

31க்கும் 37க்கும் உள்ள இடைவெளியையும் அகற்ற முடியுமா அக்கா? இன்னொன்று: மூல உபுண்டுவை எக்ஸ்புளோரரில் கோப்புறையோடு அழித்துவிடலாமா?

மல்லிகை_ஜூரோங்:
அந்த 6 ஜிபியை விட்டுவிடுங்கள் தம்பி. காலியான பகுதி குறைந்தது ஒரு எம்பியாவது தொடர்ச்சியாக இருந்தால்தான் அந்தக் கட்டம் விடுபடும். சிறு கோப்புகள் சிதறிக் கிடக்கும் கட்டங்கள் அப்படியே இருக்கும். அதைத் துரத்திப் போவதில் பயனில்லை, சில வாரங்களில் மறுபடி நிரம்பிவிடும்.

எக்ஸ்புளோரரில் அழிக்க வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸிலேயே மூலக் கணினியின் மேல் 'ரிமூவ்' கொடுத்து, எல்லாக் கோப்புகளையும் அழிக்கும் தெரிவைத் தேர்ந்தெடுங்கள். இல்லையெனில் இல்லாத வட்டின் பெயர் அதன் ஊடகப் பட்டியலில் தங்கி, நகலை மடிக்கணினிக்குத் திரும்பக் கொண்டுவரும்போது பிழைச்செய்தி வரும்.

ஈசூன்வாசி:
அப்படியே செய்தேன். எக்ஸ்பியும் 27லிருந்து 7 ஜிபிக்கு இறங்கியது, பேஜ்மேக்கர் மலர்கள் எழுத்துரு மாறாமல் திறக்கின்றன. உபுண்டு நகலை மடிக்கணினிக்குக் கொண்டுவந்த பிறகும் 101 ஜிபி காலியாக இருக்கிறது.