புதிய ஆள் மூதூரில் லொகின் ஆக மதியம் ஆகிறது, பாஸ்வேர்ட் மட்டும் உடனே மாறுகிறது, ஏன்?

கொட்டியாரம்:
வணக்கம் அண்ணாமார். தலைமைக் கந்தோர் திருகோணமலை டவுனில், கிளைகள் மூதூரிலும் கந்தளாயிலும். மூன்று இடத்திலும் ஒவ்வொரு விண்டோஸ் டொமைன் கொன்ட்ரோலர் (கணக்குகளை வைத்து லொகினைச் சரிபார்க்கும் சேர்வர்), நடுவில் விபிஎன் இணைப்பு. அந்தக் கணக்குகளின் பொதுப் பதிவேடான ஆக்டிவ் டிரெக்டரியில் ஒவ்வொரு இடத்தையும் தனித்தனி சைட்டாகப் பிரித்து வைத்திருக்கிறது, எனக்கு முன்பு இருந்தவரின் வேலை. காலையில் இங்கே ஒருவருக்குப் புதிதாகக் கணக்குத் திறந்தால் மூதூரில் அவர் உள்ளே போக மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிடுகிறது, அதுவரை பெயரோ பாஸ்வேர்டோ பிழை என்றே சொல்கிறது. ஆனால் பழைய ஆளுக்கு இங்கிருந்து பாஸ்வேர்ட் மாற்றிக் கொடுத்தால் அங்கே அடுத்த நிமிடமே வேலை செய்கிறது. லைன் மெதுவென்றால் இரண்டும்தானே பிந்த வேண்டும்? மனேஜர் சேர்வரையே மாற்றச் சொல்லி நிற்கிறார்.

உப்புவெளி அட்மின்:
சேர்வரை விடுங்கள் தம்பி, அது சொன்னபடிதான் செய்கிறது. ஒரே சைட்டுக்குள் ஒரு மாற்றம் விழுந்தால் 15 செக்கனில் பக்கத்துக் கொன்ட்ரோலருக்கு அறிவிப்புப் போகும், அது வந்து இழுத்துக்கொள்ளும். சைட் விட்டு சைட் என்றால் அந்த அறிவிப்பே கிடையாது, சைட்டுகளை இணைக்கும் சைட் லிங்க் என்ற அமைப்பில் போட்டிருக்கும் இடைவெளிக்கு ஒருமுறைதான் இழுக்கும், யாரும் கை வைக்காவிட்டால் அது 180 நிமிடம். உங்கள் மதியச் சாப்பாடு அங்கேதான் கிடக்கிறது.

பாஸ்வேர்டுக்கு வேறு வழி. எந்தக் கொன்ட்ரோலரில் மாற்றினாலும் அது பிடிசி எமுலேட்டர் என்ற பொறுப்புள்ள சேர்வருக்கு உடனே தெரிவிக்கும். மூதூர்ச் சேர்வரில் இன்னும் பழையதே இருந்தாலும், பிழை என்று தள்ளுமுன் அந்த எமுலேட்டரிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கும், அங்கே சரி என்றால் உள்ளே விடும். புதிய ஆளின் பெயரே மூதூருக்குத் தெரியாது, அப்புறம் யாருக்காகப் போய்க் கேட்பது?

இடைவெளியை 15 நிமிடத்துக்குக் குறைக்கலாம், அதற்குக் கீழே விடாது. லைன் தாங்குமென்றால் சைட் லிங்கின் ஒப்ஷன்ஸ் வெறுமையாக இருக்கிறதா பார்த்து 1 போடுங்கள், சைட்டுகளுக்கிடையிலும் அறிவிப்பு ஓடத் தொடங்கும். அவசரமென்றால் உடனே இழுக்கச் சொல்லும் ரெப்ளிகேட் நவ் இருக்கிறது, ஆனால் அதை மூதூர்ச் சேர்வரின் கீழுள்ள என்டிடிஎஸ் செட்டிங்ஸில் கொடுக்க வேண்டும். இது இழுக்கிற வேலை, திருகோணமலையில் நின்று தள்ள முடியாது.

பாலையூற்று:
இன்னும் லேசான வழி, மூதூர் ஆளுக்கு மூதூர்ச் சேர்வரிலேயே கணக்கைத் திறப்பது. கணக்குத் திறக்கும் யூசர்ஸ் அன்ட் கொம்பியூட்டர்ஸ் கருவியில் டொமைன் கொன்ட்ரோலரை மாற்றிவிட்டு எழுதுங்கள். எல்லாச் சேர்வரிலும் எழுதலாம் என்பதற்காகத்தானே இவ்வளவு கூத்தும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு முன்பு போலப் படகுப்பாதைக்குக் காத்துக் கிடக்கவும் தேவையில்லை, ஆனாலும் இதற்கெல்லாம் யார் நேரில் போவது.

கொட்டியாரம்:
இங்கே நானும் அங்கே இன்னொருவரும் ஒரே பெயரில் திறந்துவிட்டால்?

உப்புவெளி அட்மின்:
சந்திக்கும்போது ஒன்றுதான் பெயரைக் காப்பாற்றும், பிந்தி எழுதியது. மற்றதன் பெயரோடு சிஎன்எஃப் என்றும் நீளமான எழுத்து வரிசையொன்றும் ஒட்டிக்கொள்ளும், அதைத் தேடி அழிப்பது உங்கள் தலையில். ஒரே ஆளின் தொலைபேசி எண்ணை இரண்டு பக்கமும் மாற்றினால் முதலில் வேர்ஷன் எண் (அந்தத் தகவல் எத்தனை முறை மாறியது என்பது) பார்க்கும், அது சமமென்றால்தான் நேரம். ஒருவர் எண்ணையும் மற்றவர் முகவரியையும் மாற்றினால் சண்டையே இல்லை, இரண்டும் நிற்கும்.

பாலையூற்று:
இதோடு ஒன்று. கரண்ட் போய் ஒரு சேர்வர் படுத்தால் பழைய டிஸ்க் இமேஜை (முன்பு எடுத்து வைத்த டிஸ்கின் முழுப் பிரதியை) எடுத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு கொன்ட்ரோலரும் தன் எழுத்துகளுக்கு ஏறிக்கொண்டே போகும் ஒரு எண் வைத்திருக்கிறது, மற்றவை "இந்த எண் வரை வாங்கிவிட்டேன், மிச்சத்தைத் தா" என்றுதான் கேட்கும். இமேஜ் அந்த எண்ணைப் பின்னே தள்ளினால் அதற்குப் பிறகு எழுதியதில் ஒரு பகுதியை யாரும் கேட்கவே மாட்டார்கள். கண்டுபிடித்தால் 2095 என்று ஈவென்ட் எழுதி ரெப்ளிகேஷனை, அதாவது சேர்வர்களுக்கிடையிலான இந்தப் பரிமாற்றத்தை, நிறுத்திவிடும், கண்டுபிடிக்காவிட்டால் அதைவிட மோசம். 2012 சேர்வருக்குப் பிறகு விர்ச்சுவல் மெஷின்களுக்கு இதற்கொரு காவல் இருக்கிறது, அந்த மெஷின்களை ஓட்டும் ஹைப்பர்வைசரும் அதை ஆதரிக்க வேண்டும்.

கொட்டியாரம்:
15 ஆக்கினேன், மூதூர் சரி. ஆனால் ரெப்ளிகேஷன் நிலையைக் காட்டும் ரெப்அட்மினில் ஷோரெப்ல் கட்டளை கொடுத்துப் பார்த்தால் கந்தளாய் கடைசியாக வாங்கியது இரண்டு மாதத்துக்கு முன்! ஒருவரும் முறையிடவில்லை.

உப்புவெளி அட்மின்:
அங்கே புதிய ஆள் சேரவில்லை, அதுதான் முறைப்பாடும் இல்லை. அழித்தவற்றின் அடையாளம் வழக்கமாக 180 நாள்தான் நிற்கும், அதைத் தாண்டினால் எது அழிந்தது என்று அந்தச் சேர்வருக்குத் தெரியவராது, ஆகவே அதைத் திரும்பச் சேர்க்காமல் புதிதாகக் கட்டுவதுதான் புத்தி. பழைய டொமைனென்றால் 60 நாளாகவும் இருக்கலாம், உங்களுக்கு எத்தனை நாள் என்று முதலில் பாருங்கள். நாள் தாண்டவில்லையென்றால் கந்தளாய் மணிக்கூடு 5 நிமிடத்துக்கு மேல் விலகியிருக்கிறதா, ஃபயர்வோலில் போர்ட் 135 உம் 49152 முதல் 65535 வரையும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். 135 ஐ மட்டும் திறந்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.