கும்பகோணத்தில் கார் இல்லாமல், முழங்கால் வலி உள்ள அம்மாவோடு

குரோம்பேட்டை மீனா:
அடுத்த மாசம் அம்மாவைக் கும்பகோணம் கூட்டிட்டுப் போறேன். வயசு 72. சமதரையில மெதுவா நடப்பாங்க, படி ஏறினா அன்னிக்கு ராத்திரி தூக்கம் போச்சு. எங்ககிட்ட கார் இல்லை, ரெண்டு நாள் டாக்ஸி வாடகை கட்டுப்படியாகாது. கும்பேஸ்வரர், சாரங்கபாணி, உப்பிலியப்பன், தாராசுரம், சுவாமிமலை, இவ்வளவும் பார்க்கணும்னு ஆசைப்படறாங்க. பஸ், ஆட்டோவை வெச்சே முடியுமா?

மாம்பலம் காவேரி:
தாராளமா முடியும் மீனா. நான் பிறந்து வளர்ந்த ஊர் அது.

உழவன் எக்ஸ்பிரஸ் தாம்பரத்துலயே நிக்கும். ராத்திரி ஏறினா விடிகாலையில கும்பகோணம். பஸ்னா கிளாம்பாக்கம் போய் ஏறி ராத்திரி முழுக்கக் காலை மடக்கியே உக்காரணும், அம்மாவுக்கு அது வேண்டவே வேண்டாம்.

முதல்ல நடை சாத்தற நேரத்தை மனசுல வெச்சுக்கோங்க. மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்தினா நாலு மணிக்குத்தான் திறப்பாங்க. அந்த நேரத்துல அம்மா கால் நீட்டிப் படுக்கணும். அதனால பொற்றாமரைக் குளத்துக்குப் பக்கமா ரூம் பாருங்க. குளத்துக்கு மேற்கே கும்பேஸ்வரர், கிழக்கே சாரங்கபாணி, ரெண்டுக்கும் நடந்தே போயிடலாம். கும்பேஸ்வரர் வாசல்ல நீளமான கடை மண்டபம் இருக்கு, வெயில் படாது. விளக்கு, பாத்திரம் எல்லாம் பார்த்துக்கிட்டே அம்மா நடப்பாங்க.

தாராசுரம் நாலு கிலோமீட்டர்தான். தஞ்சாவூர் பஸ்ல போகலாம், ஆனா இறங்கி உள்ளே நடக்கணும். அம்மாவோட ஆட்டோதான் சரி. நாலரை மணிக்கு மேல போங்க. பகல்ல கல்தரை கொதிக்கும், செருப்பில்லாம ஒரு அடி வைக்க முடியாது. மண்டபத்தையே தேரா செதுக்கி, சக்கரமும் குதிரையுமா நிக்க வெச்சிருக்காங்க. ரெண்டாம் ராஜராஜன் கட்டினது. அவசரப்படுத்தாம உக்கார வெச்சுக் காட்டுங்க.

நங்கநல்லூர் சேகர்:
சுவாமிமலையில 60 படி இருக்கும்மா, ஒவ்வொண்ணுக்கும் ஒரு தமிழ் வருஷத்துப் பேர். அம்மாவைக் கட்டாயப்படுத்தி ஏத்தாதீங்க. கீழேயே மீனாட்சி சுந்தரேஸ்வரர் சந்நிதி இருக்கு, அங்கே கும்பிட்டுட்டு உக்காரட்டும், நீங்க மேலே போய் அர்ச்சனை பண்ணிட்டு வாங்க.

ஆட்டோவுக்குப் போக, காத்திருக்க, திரும்ப மூணுக்கும் சேர்த்து ஏறுறதுக்கு முன்னாடியே பேசிடுங்க. டவுன் பஸ்ல 2021 மே மாசத்துலேருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை. தஞ்சாவூர், காரைக்கால் மாதிரி வெளியூர் போற பஸ்ல எடுக்கணும்.

குரோம்பேட்டை மீனா:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி சார். உப்பிலியப்பனுக்கு எப்போ போறது? திரும்பவும் உழவன்லயே வரலாமா?

மாம்பலம் காவேரி:
வரலாம், அதுவும் ராத்திரி வண்டிதான். உப்பிலியப்பனை ரெண்டாம் நாள் காலையில முதல்ல வெச்சுக்கோங்க. வெயில் ஏறாம இருந்தா பக்கத்துலயே திருநாகேஸ்வரம் ராகு ஸ்தலமும் பார்த்துடலாம். ரூமை மட்டும் மதியமே காலி பண்ணிடாதீங்க. அரை நாள் வாடகை கூட ஆனாலும் பரவாயில்லை, ரயில் நேரம் வரைக்கும் அம்மா படுத்திருக்கட்டும்.